பாய்மரம் மறையும் முன்

போன செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்பில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சர் சாக்பீஸும் கையுமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இருபது வருஷமாக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளை அடித்ததில்லை, அதட்டுவதுகூட அபூர்வம். அன்றைக்கு என்ன வந்ததோ, தொண்டை கிழியக் கத்திவிட்டேன். பிள்ளைகள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். பத்திலிருந்து கீழே எண்ணினார்கள்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள் அல்லவா, பேச்சு அங்கே போயிருந்தது. “மிஸ், குலசையில ராக்கெட் விட்டா நம்ம ஸ்கூல் மாடியில இருந்து தெரியுமா?” என்று ஒருத்தி கேட்டாள். தெரியும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அவ்வளவுதான், வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. “பத்து, ஒம்பது, எட்டு...” என்று மேசையைத் தட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்கள். மூன்று வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம், “எண்ணாதீங்க!” என்று கத்திவிட்டேன். பாவம், பிள்ளைகள் வெலவெலத்துப் போய் உட்கார்ந்தார்கள். பிறகு ஆளுக்கொரு மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தது தனிக் கதை.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, காரணம் இருந்தது. மேசை மேல் என் போன் இருந்தது. அதில் ஒரு செயலி இருக்கிறது. என் மகன் நிக்சன் வேலை பார்க்கிற சரக்குக் கப்பல் கடலில் எங்கே போகிறது என்று அது காட்டும். ஒரு சின்னப் பச்சை அம்பு, அவ்வளவுதான். மூன்று நாளாக அந்த அம்பைக் காணோம். ‘கடைசியாகத் தெரிந்த இடம்’ என்று ஒரு சாம்பல் புள்ளி மட்டும் இருந்தது. நடுக்கடலுக்குப் போய்விட்டால் அப்படித்தான், கரையிலிருந்து சிக்னல் எட்டாது, இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று போகும்போதே அவன் எனக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் போனான். அறிவியல் டீச்சருக்கே பாடம்! புத்திக்குப் புரிகிறது. வயிறு கேட்டால்தானே?

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் நான் நடத்தியே ஆகவேண்டிய பாடம் ஒன்று உண்டு. கரையை விட்டுப் போகிற கப்பலின் அடிப்பகுதி முதலில் மறையும், பாய்மரத்தின் நுனி கடைசியில் மறையும், பூமி உருண்டை என்பதற்கு இது சான்று. கரும்பலகையில் ஒரு வளைகோடு போட்டு, அதன் மேல் மூன்று கப்பல் வரைய வேண்டும். மூன்றாவது கப்பலுக்கு நுனி மட்டும்தான். அந்த நுனியை வரையும்போது இத்தனை வருஷம் கழித்தும் என் கண் பலகையை விட்டுத் திரும்பிவிடும். கோடு கோணிப்போகும். “மிஸ்ஸுக்குப் படம் வரைய வராது” என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வதும் காதில் விழும்.

என் அப்பா தோணியில் தண்டல். தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிற தலைவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயமும் ஓடும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார்கள். அப்பாவோடு சேர்த்து ஒன்பது பேர். தலையில் ஒரு கட்டம்போட்ட லேஞ்சியைக் கட்டிக்கொண்டுதான் அப்பா தோணியில் ஏறுவார். எங்கள் பக்கம் கைக்குட்டையை லேஞ்சி என்றுதான் சொல்லுவோம். திரும்பி வந்ததும் அதைத் துவைக்க எடுத்தால் வெங்காயமும் உப்பும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஒரு வாடை வரும். இன்றைக்கும் வெங்காய மூட்டை பிரிக்கிற கடைப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டுத்தான் நகருவேன். கடைக்கார அண்ணாச்சி என்னை வெங்காயப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

தோணி புறப்படுகிற அன்று வழியனுப்ப நாங்கள் துறைமுகத்துப் படகுப் பாலத்துக்குப் போவோம். அங்கே எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. தோணி பார்வையை விட்டு மறையும்வரை நின்று பார்க்கக் கூடாது. பாய் விரிந்து தோணி நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே நாம் திரும்பிவிட வேண்டும். மறைவதைக் கண்ணால் பார்த்தால், மறைந்தது மறைந்ததாகவே நின்றுவிடும், தோணி திரும்பி வந்து சேராது என்பது அம்மாவின் நம்பிக்கை. அம்மாவுக்கு மட்டுமல்ல, அங்கே வருகிற பெண்கள் பாதிப் பேருக்கு அதுதான். “ஏளா, போதும், திரும்பு” என்று அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்புவாள். அதற்கப்புறம் வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எனக்குக் கழுத்து துடிக்கும்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம். அமெரிக்காவில் விண்வெளி ஓடம் விடப் போகிறார்கள் என்று பேப்பரில் படத்தோடு வந்திருந்தது. நான் அதை வெட்டி அறிவியல் நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் அறிவியல் சிஸ்டர் வேறு ஆசையைக் கிளப்பிவிட்டார். அங்கே கடற்கரையில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நிற்பார்களாம், எல்லோரும் சேர்ந்து பத்திலிருந்து கீழே எண்ணுவார்களாம், ஓடம் கிளம்பி, சிறுத்து, ஒரு புள்ளியாகி, மறைகிற வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்ப்பார்களாம். மறைகிற வரைக்கும்! எனக்கு அது புதிதாக இருந்தது. ஒன்று மறைவதைப் பார்ப்பதற்கென்றே கூடி நிற்கிற ஜனங்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஜெசிந்தா அக்கா வீட்டில்தான் கலர் டிவி. அவர்கள் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். கேபிளில் வெளிநாட்டுச் செய்திச் சேனல் வரும், ஓடம் கிளம்புவதை நேரடியாகக் காட்டுவார்கள், நம்மூருக்கு அது சாயங்காலம் என்று அக்கா சொல்லிவிட்டார். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. இதற்கு நடுவில்தான் அப்பாவின் தோணி புறப்பட்டது.

அன்று சனிக்கிழமை, மதியம். வழக்கம்போல் பாலத்திலிருந்து திரும்பி நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் மெதுவாக மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் கடல் தெரியும். வெயில் முதுகுப் பக்கம், கடல் பளிச்சென்று கிடந்தது. அப்பாவின் தோணி எது என்று எனக்குத் தெரியும், பாயில் ஒரு சிவப்பு ஒட்டு உண்டு.

பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள், துணி மடிக்கிறேன் என்று பொய் சொன்னேன். முதலில் தோணியின் உடம்பு போயிற்று. பிறகு பாயின் கீழ்ப் பாதி. பிறகு சிவப்பு ஒட்டு. கடைசியில் தீக்குச்சி அளவுக்கு ஒரு நுனி. அப்போது எனக்கு ஒரு குஷி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கும். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். பத்து, ஒன்பது, எட்டு. சைபர் என்று சொன்னேன். நுனி இல்லை.

இறங்கிவந்து முறுக்குத் தின்றேன். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தோணி போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து தந்தி வரும். ஏஜென்ட் ஆபீஸில் ஆள் அனுப்பிச் சொல்லுவார்கள். வழக்கமாக ஆறு நாள், ஏழு நாள். ஏழாவது நாள் தந்தி வரவில்லை. எட்டாவது நாள் அம்மா தானே ஆபீஸுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். “காத்து விழுந்து கெடக்கும்மா. ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆவத்தான் செய்யும்” என்றார் ஏஜென்ட் அண்ணாச்சி. சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குண்டூசிகளைப் பார்த்த நேரத்தில்தான் எனக்குத் தொட்டி மேல் நின்றதும் எண்ணியதும் ஞாபகம் வந்தது. நான்தான். நான் எண்ணித்தான் தோணி மறைந்தது.

யாரிடம் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். ‘எங்கப்பா தோணிய எண்ணி முக்கிட்டேன் சாமி’ என்று எப்படிச் சொல்வது? இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இறங்குவரிசையில் எண் எழுதச் சொன்னால்கூடப் பேனா நகராது.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் ஓடம் கிளம்புகிற நாள். நான் வரவில்லை என்றேன். “ஒரு மாசமா பறந்துக்கிட்டுக் கெடந்தவ, இப்பம் என்ன? வா, நானும் வாரேன்” என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கும் முடியவில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஜெசிந்தா அக்கா வீட்டு முன்னறையில் தெருவே இருந்தது. தட்டில் மக்ரூன் வைத்துச் சுற்றிவிட்டார்கள். நான் எடுத்த மக்ரூன் கையிலேயே பிசுபிசுத்துப் போயிற்று. டிவியில் வெள்ளை ஓடம் பெரிய ஆரஞ்சு டாங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. திடீரென்று நின்றுவிட்டது. ஏதோ கோளாறாம், இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்று அக்காவின் தம்பி இங்கிலீஷைக் கேட்டுச் சொன்னான். எல்லோரும் ச்சே என்றார்கள். நான் மட்டும் மூச்சு விட்டேன்.

மறுநாளும் போனோம். தந்தி அன்றைக்கும் இல்லை. டிவியில் ஓடத்துக்குள் ஏறுகிற ஏழு பேரையும் காட்டினார்கள், கையசைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். சில வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்று வானத்தில் வெடித்து எல்லோரும் செத்துப்போனது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. இப்போது ஏறிய அந்த ஏழு பேரும் எங்கே இருக்கிறார்கள், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பதுவரை நொடிக்கு நொடி ஒரு கூட்டமே கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இவுகளுக்கு எல்லாம் தெரியுதே” என்று மெதுவாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள்.

பத்து வந்ததும் அறையே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. டென், நைன், எயிட். சின்னப் பிள்ளைகள் கை தட்டின. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து நின்று, “எண்ணாதீங்க! எண்ணாதீங்க!” என்று கத்தினேன். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. டிவியில் வந்த சத்தத்தில் என் சத்தம் போயிற்று. புகையும் நெருப்பும் பொங்கி, ஓடம் எழும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பயத்திலும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணெடுக்க முடியவில்லை. அதுதான் என் கேடு, மறைவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. நெருப்பு சிறுத்து வெள்ளைப் புள்ளியாகும்போது பக்கத்தில் பார்த்தேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள். யாரோ முகம் தெரியாத ஏழு அமெரிக்காக்காரர்களுக்காக.

தெருவில் நடந்து வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தொட்டி, தீக்குச்சி, எண்ணியது, முறுக்குத் தின்றதுவரை. “அதெல்லாம் ஒண்ணுமில்ல, கிறுக்கி” என்று அம்மா சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால்கூடப் போதும். அம்மா நின்றாள். தெருவிளக்கைப் பார்த்தாள். பிறகு, “யாருகிட்டயும் சொல்லாத” என்றாள்.

அதைவிடப் பயங்கரமான வார்த்தையை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நான்கு நாள். அம்மா என்னைத் தொடாமல் தலை பின்னிவிட்டாள் என்று சொன்னால் நம்புவீர்களா? சீப்பு மட்டும்தான் பட்டது. மற்ற எட்டுப் பேர் வீட்டுப் பெண்களும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொன்னார்கள். ஒவ்வொருத்தியின் முகத்தைப் பார்க்கும்போதும், உன் வீட்டுக்காரரை எண்ணி அனுப்பியவள் நான் என்று தோன்றும். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து முணுமுணுப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மேல்நோக்கி எண்ணிப் பார்த்தேன், கீழே எண்ணியதை அழித்துவிடுமோ என்று. ஆயிரம் வரை எண்ணினேன். அறிவியலில் நான்தான் முதல் ரேங்க், அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பதினான்காவது நாள் தந்தி வந்தது. எஞ்சின் பழுது, காற்றும் விழுந்துவிட்டது, ஒழுக்கு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போய் மினிக்காய்த் தீவுப் பக்கம் விட்டிருக்கிறது. ஒன்பது பேரும் சுகம். அம்மா தந்தியை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பிடித்து இழுத்து, முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அடி எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

அப்பா வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. கறுத்து, இளைத்து, லேஞ்சி கிழிந்து வந்தார். வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரிடமும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்பதில் அப்பா சேர்த்தியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

“ஏளா, நான் ஒவ்வொரு தடவையும் மாதா கோயில் கோபுரம் மறையிற வரைக்கும் கரையப் பாத்துக்கிட்டுதான் போறேன். நான் பாத்து இந்த ஊரு முங்கியா போச்சு?”

அங்கிருந்தும் ஒருத்தர் பார்த்துக்கொண்டு போவார் என்பது எங்கள் சட்டத்திலேயே இல்லை. அப்பா தண்ணீர் குடித்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்க எல்லாரும் பொசுக்குன்னு திரும்பிருதிய. எனக்குக் கடைசியா தெரியிறது உங்கம்மா முதுகுதான். கொஞ்ச நேரத்துல அதுவும் கூட்டத்துல எது எதுன்னு தெரியாமப் போயிரும்.”

அம்மா கரண்டியைச் சட்டியில் போட்டாள். குசினிக்குள் போய்விட்டாள். அடுத்த தடவை தோணி புறப்பட்டபோது, பார்ப்போம், அம்மா நிற்கிறாளா என்று நான் காத்திருந்தேன். நிற்கவில்லை. பாய் விரிந்ததும் வழக்கம்போல் என் தோளைத் திருப்பிவிட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பளீரென்று ஒரு மஞ்சள் சேலை. ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற சேலை. அதைக் கட்டிக்கொண்டு, தலையில் முக்காடு போடாமல், மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்தாள். மற்ற பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அப்பா தோணி வேலையை விட்டுக் கரையேறுகிறவரை ஒவ்வொரு தடவையும் அதே மஞ்சள்தான். சாயம் போனதும் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கினாள். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஜெசிந்தா அக்கா குடும்பத்தோடு துபாய்க்கே போய்விட்டார். விண்வெளி ஓடத்தையே நிறுத்திவிட்டார்கள், அது கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு இருக்கிறதாம். அன்றைக்கு நாங்கள் பார்த்த ஏழு பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள் என்று பேப்பரில் வந்தது, அந்தத் துண்டையும் நோட்டில் ஒட்டினேன். பழைய துறைமுகத்தில் அந்த மாதிரிப் பாய் விரித்துப் போகிற தோணியைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மூன்று மாதத்துக்கு முன் நிக்சனை வழியனுப்ப வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் போனேன். அம்மாவின் மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தேன். “என்னம்மா, ஏர்போர்ட்டுக்குப் போய் இப்படி ஒரு கலரு?” என்று சிரித்தான். கண்ணாடிக் கதவு வரைதான் விட்டார்கள். அவன் உள்ளே போனதும் நான் திரும்பிவிட்டேன், மெதுவாகத்தான் நடந்தேன். அவன் பார்த்தானா என்று தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட்டால்?

முதல் வாரம் முழுக்க அந்தப் பச்சை அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது எந்த இடத்தில் சாம்பலாகும் என்று பழகிவிட்டது. அந்த இடம் நெருங்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அம்மா தோளைத் திருப்பிய மாதிரிதான். ஆனால் அம்மா திரும்பி நடந்தபோது அங்கே கடலில் ஒருத்தர் அந்த முதுகைத் தேடிக்கொண்டிருந்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்தால் அது என் மகனுக்கு எப்படித் தெரியும்?

அம்பைக் காணாமல் இன்றைக்கு ஏழாவது நாள். குலசையில் ராக்கெட் விடும்போது பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், எண்ணிக்கொள்ளவும் அனுமதி. போன் கவிழ்ந்துதான் கிடக்கிறது. காலையில் அந்த மஞ்சள் சேலையைத் துவைத்தேன். கொடி பின்கட்டில் இருக்கிறது. ஆனாலும் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அன்றைக்கு நான் ஏறி நின்ற அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கம், கடலைப் பார்க்கத்தான் விரித்துக் காயப்போட்டிருக்கிறேன்.